புற ஊதாக் கதிர் மச்சத்தை மாற்றுகிறதா? அளவெடுப்பது முதல் சிதறலைச் சோதிப்பது வரை

வெயில் பட்டால் மச்சம் கருக்குமா, பெரிதாகுமா, புதிதாக முளைக்குமா? கேள்வி எளிமையாகத்தான் தெரிகிறது. விடை தேடி அளவுகோலைக் கையில் எடுத்த பிறகுதான் சிக்கல் புரியும். ஒரே மச்சத்தை இன்று அளந்தால் ஓர் எண் வருகிறது, நாளை அளந்தால் வேறோர் எண். இரண்டு பேர் ஒரே முதுகைப் பார்த்து எண்ணினால் இரண்டு கணக்கு. ஒருவர் உடம்பில் ஐந்து மச்சம் இருக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு ஐம்பது இருக்கும். இத்தனை ஏற்ற இறக்கத்துக்கு நடுவே புற ஊதாக் கதிரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான் உண்மையான வேலை.

பலரும் நேராகச் சராசரிக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு குழுவின் சராசரியை எடுத்து, ஒரு சோதனை போட்டு, பி மதிப்பு (உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். மச்சத்தைப் பொறுத்தவரை அப்படிச் செய்தால் பாதி விடை கைநழுவிப் போகும். ஒரே அளவு கதிர் பட்டும் சில மச்சங்கள் நன்றாகக் கருக்கின்றன, சில அசைவதே இல்லை. அந்த வேறுபாடு சராசரியில் தெரியாது, சிதறலில்தான் தெரியும். அதனால் இந்த வழிகாட்டியில் சிதறலுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பள்ளிக் கணக்கில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்திருப்பீர்கள். எழுத வசதியாக இங்கே அதை வேரியன்ஸ் என்றே சொல்கிறேன். அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம்.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை

சோதனை என்ற பெயரில் உங்கள் மச்சத்தின் மீதோ இன்னொருவர் மச்சத்தின் மீதோ புற ஊதா விளக்கைக் காட்டாதீர்கள். தோலைக் கருக்க வைக்கும் புற ஊதாக் கருவிகளை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவை மட்டுமே அந்தப் பிரிவில் வரும். சூரியக் கதிர்வீச்சு 1992 முதலே அதில் இருக்கிறது. மனிதத் தோலில் கதிர் பாய்ச்சும் ஆய்வு தோல் மருத்துவரின் பொறுப்பில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு மட்டும் நடக்க வேண்டியது.

அந்த வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. எப்படியும் வெயில் படுகிற தோலையும் துணி மறைக்கிற தோலையும் ஒப்பிடலாம். கோடைக்கு முன்னும் பின்னும் அளக்கலாம். ஏற்கெனவே எடுத்த தரவை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். கீழே சொல்லும் படிகள் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். அளக்கும்போது ஒரு மச்சம் சீரற்ற வடிவத்திலோ, பல நிறத்திலோ, வேகமாக மாறுவதாகவோ, ரத்தம் கசிவதாகவோ தெரிந்தால் அளவெடுப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

படி 1: கதிர் தோலில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருப்பதை 1801இல் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் கண்டார். ஒளிபட்டால் கருக்கும் வெள்ளி குளோரைடு, ஊதா விளிம்பைத் தாண்டிய இடத்தில் இன்னும் வேகமாகக் கருத்தது. இன்று அந்தக் கதிரை மூன்றாகப் பிரிக்கிறோம். 315 முதல் 400 நானோமீட்டர் வரை ஏ வகை, 280 முதல் 315 வரை பி வகை, 100 முதல் 280 வரை சி வகை. சூரியனிலிருந்து வரும் சி வகையைக் காற்று மண்டலமே தடுத்துவிடுகிறது. தரைக்கு வந்து சேருவதில் ஏறக்குறைய 95 சதவீதம் ஏ வகை, மீதிதான் பி வகை. ஆனால் அந்தச் சிறு பங்குக்குத்தான் தோலைச் சிவக்க வைக்கும் வலு அதிகம்.

பி வகைக் கதிரை டி.என்.ஏ நேரடியாக உறிஞ்சுகிறது. டி.என்.ஏவின் எழுத்துகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்களோ சைட்டோசின்களோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல் அதை வெட்டியெடுத்துச் சரிசெய்யப் பார்க்கும். தவறினால் சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்கார்ந்துவிடும். இதுதான் புற ஊதாவின் கைரேகை. ஏ வகை இன்னும் ஆழமாக ஊடுருவும். அதன் சேதம் பெரும்பாலும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் வழியாக, சுற்றி வளைத்து நடக்கிறது.

மச்சம் என்பது நிறமிச் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகப் பெருகி, பிறகு நின்றுபோன நிலை. பிறந்த பிறகு தோன்றும் சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கிறது. அந்த மாற்றம் செல்லைப் பெருகச் சொல்கிறது. சிறிது பெருகியதும் செல்லின் தற்காப்பு விழித்துக்கொண்டு பிரிவதை நிறுத்திவிடுகிறது. இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. பிராஃபில் நடக்கும் அந்த மாற்றம், மேலே சொன்ன கைரேகையோடு ஒத்துப்போவதில்லை. அப்படியிருந்தும் சிறு வயதில் வெயில் அதிகம் பட்ட பிள்ளைகளுக்கு மச்சம் அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. ஆகவே, வெயில் அடித்தது, மரபணு உடைந்தது, மச்சம் முளைத்தது என்று ஒரே கோடாக இழுத்துவிட முடியாது.

அப்புறம் பரம்பரை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையர்களின் மச்ச எண்ணிக்கை மற்ற இரட்டையர்களுடையதை விட மிக நெருக்கமாக இருந்தது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பெரும் பங்கு பிறப்பிலேயே வந்துவிடுகிறது என்று அர்த்தம். வயதும் சேர்ந்துகொள்ளும். குழந்தைப் பருவத்தில் எண்ணிக்கை ஏறும், இளம் வயதில் உச்சம் தொடும், முதுமையில் சில மச்சங்கள் மங்கி மறையும். இவற்றைக் கணக்கில் எடுக்காமல் இருவரை ஒப்பிட்டால், வெயிலை அளப்பதாக நினைத்துக்கொண்டு பரம்பரையையும் வயதையும்தான் அளந்துகொண்டிருப்போம்.

படி 2: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

எண்ணிக்கையா, விட்டமா, நிறமா? மூன்றும் மூன்று விதமான எண்கள், மூன்றுக்கும் சிதறல் வேறு மாதிரி. முதன்மைக் கேள்வி எது என்று தரவு கைக்கு வரும் முன்பே தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். இருபது விஷயத்தை அளந்து இருபது சோதனை போட்டால், எந்த விளைவும் இல்லாவிட்டாலும் ஒன்று 0.05க்குக் கீழே வருவது சகஜம்.

படி 3: கதிரின் அளவைக் குறியுங்கள்

"நிறைய வெயில்" என்பது அளவு ஆகாது. புற ஊதாக் குறியீடு ஒன்று என்றால், தோலைச் சிவக்க வைக்கும் திறனுக்கேற்ப எடைபோட்ட கதிர், சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். குறியீடு 10 என்றால் 0.25 வாட். ஒரு நிலையான சிவப்பு அளவு என்பது சதுர மீட்டருக்கு 100 ஜூல். 100ஐ 0.25ஆல் வகுத்தால் 400 விநாடி, அதாவது 6 நிமிடம் 40 விநாடி. குறியீடு 10 உள்ள வெயிலில் கதிருக்கு நேராக இருக்கும் தோல் அவ்வளவு நேரத்தில் ஓர் அளவு கதிரைப் பெற்றுவிடுகிறது. எத்தனை அளவில் சிவக்கும் என்பது அவரவர் தோலைப் பொறுத்தது.

ஆய்வில் பங்கேற்பவர் வெயிலில் இருந்த நேரத்தையும் அந்த நேரத்துக் குறியீட்டையும் நாட்குறிப்பில் எழுதச் சொல்லலாம். துல்லியம் வேண்டுமானால் உடையில் குத்தும் பாலிசல்ஃபோன் படலம் இருக்கிறது. கதிர் படப்பட அதன் ஒளி உறிஞ்சும் தன்மை மாறும், அதை வைத்துக் கணக்கிடலாம். எந்த வழி என்றாலும் ஆளுக்கு ஆள் கதிர் எவ்வளவு மாறியது என்று தெரிந்தே ஆக வேண்டும். காரணம் படி 7இல் வரும்.

நேரமும் முக்கியம். ஏ வகைக் கதிரால் சில நிமிடங்களில் வரும் கருமை சில மணி நேரத்தில் மங்கிவிடும். பிறகு இரண்டு மூன்று நாளில்தான் தோலுக்கு நிறம் தரும் மெலனின் புதிதாக ஏறிய உண்மையான கருமை தெரியத் தொடங்கும். ஒருவரை வெயில் பட்ட அன்று மாலையிலும் இன்னொருவரை ஐந்தாம் நாளும் அளந்தால், இரண்டு வேறு விஷயங்களை ஒரே பட்டியலில் போடுகிறீர்கள். இடைவெளி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 4: உங்கள் அளவுகோல் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். என் முன்னங்கையில் ஒரு பழுப்பு மச்சம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அளவுகோலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்து, முந்தைய எண்ணைப் பார்க்காமல், பத்து முறை அளந்தேன். மில்லிமீட்டரில் வந்தவை: 4.1, 4.3, 4.2, 4.0, 4.2, 4.4, 4.1, 4.2, 4.3, 4.2. மச்சம் அதேதான், கை அதேதான், பத்து நிமிடத்துக்குள் முடிந்த வேலை. அப்படியும் 4.0 முதல் 4.4 வரை போகிறது. காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. மணிக்கட்டை லேசாகத் திருப்பினாலே தோல் இழுபட்டு மச்சம் நீள்கிறது. அளவுகோலை அழுத்தினால் ஓரம் வெளுத்து, எல்லைக்கோடு எங்கே என்று தெரியாமல் போகிறது.

கணக்கு எளிது. சராசரி 4.20. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.12. பத்தில் ஒன்று குறைத்து ஒன்பதால் வகுத்தால் வேரியன்ஸ் 0.0133, திட்ட விலக்கம் 0.115 மி.மீ. சராசரியையும் இதே பத்து எண்களிலிருந்து எடுத்ததால்தான் ஒன்பதால் வகுக்கிறோம். எக்செலில் மாதிரிக்கு ஒரு சூத்திரமும் முழுத் தொகுதிக்கு இன்னொரு சூத்திரமும் உண்டு. நமக்கு வேண்டியது மாதிரிக்கானது.

இப்போது அந்தத் திட்ட விலக்கத்தை 2.77ஆல் பெருக்குங்கள். 1.96ஐ 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவதுதான் 2.77. விடை 0.32 மி.மீ. மச்சம் கொஞ்சமும் மாறாவிட்டாலும், இருவேறு நாளில் எடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே 0.32 மி.மீ. வரை வேறுபாடு தானாகவே வரலாம் என்று இதற்குப் பொருள். கோடை முடிந்ததும் 0.2 மி.மீ. வளர்ந்திருக்கிறது என்று யாராவது ஒற்றை அளவை வைத்துச் சொன்னால், அதை நம்ப இந்த முறையில் இடமில்லை.

பத்து அளவு போதுமா? வேரியன்ஸ் என்பது சராசரியை விடவும் தள்ளாட்டம் உள்ள எண். எண்கள் மணி வடிவில் பரவும் இயல்நிலைப் பரவல் என்று வைத்துக்கொண்டால், பத்து அளவிலிருந்து கிடைத்த திட்ட விலக்கத்துக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி அதன் 0.69 மடங்கிலிருந்து 1.83 மடங்கு வரை விரிகிறது. முப்பது அளவு எடுத்தால் 0.80 முதல் 1.34 மடங்கு. முடிந்தால் பல மச்சங்களை, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை அளந்து, ஒவ்வொரு மச்சத்தின் அளவுகளுக்குள் வரும் வேரியன்ஸ்களின் சராசரியை எடுங்கள். ஒரே மச்சத்தை முப்பது முறை அளப்பதை விட அது நிஜத்துக்கு நெருக்கமானது.

நிறத்துக்கும் இதே வேலைதான். ஒரே கேமரா, ஒரே வெளிச்சம், ஒரே தூரம், படத்துக்குள் ஒரு நிற அட்டை. மச்சத்தின் வெளிர்மையை மட்டும் குறிக்காமல் சுற்றியுள்ள தோலையும் குறியுங்கள். வெயிலில் சுற்றுத்தோலும் கருக்கிறது. அதனால் மச்சம் உண்மையில் கருத்திருந்தாலும் கண்ணுக்கு அது எடுப்பாகத் தெரியாமல் போகலாம். எண்ணிக்கை என்றால், ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். 2 மி.மீ.க்குக் குறைந்தவற்றை எண்ணுவதா வேண்டாமா, தேமலையும் சூரியப் புள்ளியையும் (வெயிலால் தோலில் வரும் சிறு பழுப்புப் புள்ளி) எப்படி ஒதுக்குவது என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் இருவர் கணக்கும் சேரவே சேராது.

படி 5: ஒப்பீட்டை அமைப்பது

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்பு ஒன்று 1995இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. ஒவ்வொரு மச்சத்தின் பாதியை ஒளி புகாத நாடாவால் மூடிவிட்டு, மறுபாதியில் மட்டும் ஒரு முறை கதிர் பாய்ச்சி, ஒரு வாரம் கழித்து அகற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கதிர் பட்ட பாதியில் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டிருந்தன, மூடிய பாதியில் அப்படி இல்லை. ஒரே மச்சம், ஒரே ஆள், ஒரே வயது, ஒரே பரம்பரை. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு முழுவதும் கழிந்து போய்விடுகிறது. கதிர் பட்ட மச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துக் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயின் தொடக்கம் என்று தவறாக நினைக்கும் அபாயம் இருப்பதும் இப்படிப்பட்ட வேலைகளிலிருந்துதான் தெரியவந்தது.

பாதி பாதி முடியாத இடத்தில், ஒரே ஆளின் வெயில் படும் புறங்கையையும் மறைந்திருக்கும் மேல்கையின் உட்புறத்தையும் இணையாக எடுக்கலாம். எது வெயில் பட்டது என்று தெரியாத ஒருவர்தான் படத்தைப் பார்த்து அளக்க வேண்டும்.

பலர் தவறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பத்து ஆள், ஆளுக்கு ஐந்து மச்சம், மச்சத்துக்கு இரண்டு அளவு. மொத்தம் நூறு எண்கள். மாதிரி அளவு நூறு என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஒரே ஆளின் மச்சங்கள் ஒன்றுக்கொன்று உறவு, தனித்தனிச் சாட்சிகள் ஆகாது. இந்தப் போலிப் பெருக்கத்தை உயிரியல் ஆய்வுகளில் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

எண் வைத்துப் பார்ப்போம். புரிவதற்காக நானாக இட்ட எண்கள் இவை. ஆளுக்கு ஆள் வேரியன்ஸ் 0.9, ஒரே ஆளின் மச்சத்துக்கு மச்சம் 0.5, அளவெடுப்பில் 0.2. மேலே சொன்ன நூறு அளவுகளின் சராசரிக்கு வேரியன்ஸ்: 0.9ஐப் பத்தால், 0.5ஐ ஐம்பதால், 0.2ஐ நூறால் வகுத்துக் கூட்ட வேண்டும். 0.09, 0.01, 0.002, மொத்தம் 0.102. இப்போது அதே நூறு அளவை இருபது ஆள், ஆளுக்கு ஐந்து மச்சம், மச்சத்துக்கு ஒரே அளவு என்று மாற்றுங்கள். 0.045, 0.005, 0.002, மொத்தம் 0.052. அளவுகளின் எண்ணிக்கை அதேதான், சராசரியின் வேரியன்ஸ் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பத்து ஆளையே வைத்துக்கொண்டு ஆயிரம் முறை அளந்தாலும் அந்த 0.09 கீழே இறங்காது. கூடுதல் அளவை விடக் கூடுதல் ஆள் மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 6: சோதனைக்கு முன் புள்ளி போட்டுப் பாருங்கள்

ஒவ்வோர் அளவையும் ஒரு புள்ளியாகக் குழுவாரியாக வரைந்து பாருங்கள். பட்டை வரைபடம் வேண்டாம், அது சிதறலை மறைக்கும். ஒற்றைப் புள்ளி எங்கோ தனியாக நின்றால் பதிவேட்டுக்குத் திரும்பிப் போங்கள். 4.2 என்பதை 42 என்று தட்டியிருக்கலாம். காரணம் கிடைக்காவிட்டால் அந்தப் புள்ளியை நீக்கக் கூடாது.

படி 7: வேரியன்ஸ்களைச் சோதிப்பது

இரண்டு குழுவின் வேரியன்ஸ் சமமா? இதற்குப் பழைய வழி, பெரியதைச் சிறியதால் வகுத்து எஃப் பட்டியலில் பார்ப்பது. வேரியன்ஸ் என்ற சொல்லைப் புள்ளியியலுக்கு 1918இல் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஃபிஷர். அவரைப் பெருமைப்படுத்தித்தான் ஸ்னெடகோர் இந்த விகிதத்துக்கு எஃப் என்று பெயர் வைத்தார். மூன்று நான்கு குழு இருந்தால் 1937இல் வந்த பார்ட்லெட் சோதனை. இரண்டுக்கும் ஒரே பலவீனம். தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து கொஞ்சம் விலகினாலும் தவறான அபாயச் சங்கை ஊதிவிடும். 1953இல் ஜார்ஜ் பாக்ஸ் இதைத் தெளிவாகக் காட்டினார். மச்சத் தரவு பெரும்பாலும் ஒருபக்கம் வால் நீண்டது. அதனால் நமக்கு உகந்தது லெவீன் 1960இல் தந்த சோதனை, அதிலும் 1974இல் பிரவுனும் ஃபோர்சைத்தும் சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) வைத்துத் திருத்திய வடிவம்.

கையால் ஒரு முறை செய்து பார்த்தால் பயம் போய்விடும். பதினாறு ஆள், ஆளுக்கு ஒரு மச்சம், எட்டுப் பேருக்கு மூடியது, எட்டுப் பேருக்குக் கதிர் பட்டது. வெளிர்மை அளவில் வந்த மாற்றத்தை எழுதுகிறேன். கழித்தல் குறி என்றால் கருத்திருக்கிறது. இவையும் விளக்கத்துக்காக இட்ட எண்கள்.

மூடியவை: -0.5, 0.2, 0.4, -0.3, 0.1, 0.6, -0.4, -0.1
கதிர் பட்டவை: -4.1, -0.6, -1.5, -3.2, 0.3, -2.1, -0.9, -3.9

மூடியவற்றின் சராசரி 0, வேரியன்ஸ் 0.154. கதிர் பட்டவற்றின் சராசரி -2.0, வேரியன்ஸ் 2.597. விகிதம் 16.8. இருபக்கச் சோதனையில் 5 சதவீத மட்டத்துக்கு எல்லை 4.99தான். பழைய வழியில் வேறுபாடு பெரிது. ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

பிரவுன்-ஃபோர்சைத் வழியில் முதலில் இடைநிலை அளவு. மூடியவற்றுக்கு 0, கதிர் பட்டவற்றுக்கு -1.8. ஒவ்வோர் எண்ணும் தன் குழுவின் இடைநிலை அளவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறி பார்க்காமல் எழுதுங்கள். மூடியவற்றில் 0.5, 0.2, 0.4, 0.3, 0.1, 0.6, 0.4, 0.1, சராசரி 0.325. கதிர் பட்டவற்றில் 2.3, 1.2, 0.3, 1.4, 2.1, 0.3, 0.9, 2.1, சராசரி 1.325. இனி இந்தத் தூரங்களைத் தரவாக நினைத்துச் சாதாரண வேரியன்ஸ் பகுப்பாய்வு செய்தால் போதும். குழுக்களுக்கு இடையிலான வர்க்கக் கூட்டு 4. குழுவுக்குள் 0.235, 4.455 என இரண்டும் சேர்ந்து 4.69. அதை 14ஆல் வகுத்தால் 0.335. நான்கை இதனால் வகுத்தால் 11.9. எல்லை 4.60. பி மதிப்பு 0.01க்கும் கீழே. இரண்டு வழியும் ஒரே பக்கம் நிற்கின்றன. எந்தப் புள்ளியியல் மென்பொருளிலும் இது ஒரே வரிக் கட்டளை. ஆனால் அதன் இயல்புத் தேர்வு சராசரியா இடைநிலை அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முடிவு என்ன சொல்கிறது? மூடிய குழுவின் 0.154 என்பது அளவெடுப்புத் தள்ளாட்டமும் மச்சத்தின் இயல்பான ஏற்ற இறக்கமும் சேர்ந்தது. கதிர் பட்ட குழுவில் அதைக் கழித்தால் மிச்சம் 2.44. அதன் வர்க்கமூலம் 1.56. சராசரி மாற்றம் 2.0 என்றால், அந்த மாற்றம் ஆளுக்கு ஆள் 1.56 அளவுக்குச் சிதறுகிறது. எனக்கு இது சராசரியை விடச் சுவையான விடை. மச்சங்கள் எல்லாம் ஒரே மாதிரி பதில் தரவில்லை. ஏன் என்பது அடுத்த ஆய்வுக்கான கேள்வி.

அவசரப்பட வேண்டாம். மிச்சச் சிதறலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் பட்ட கதிரின் அளவே வேறு வேறாக இருந்தால், நீங்கள் பார்ப்பது தோலின் பதிலை அல்ல, கதிரின் சிதறலை. படி 3இல் நாட்குறிப்பு எழுதச் சொன்னது இதற்காகத்தான். அடுத்த காரணம், சராசரி பெரிதானால் சிதறலும் பெரிதாவது பல அளவுகளின் இயல்பு. மச்சத்தின் பரப்பளவு அப்படிப்பட்டது. மடக்கை எடுத்துப் பார்த்தும் வேறுபாடு நின்றால்தான் உறுதியாகப் பேசலாம்.

ஒரே ஆளின் இரு கைகள், ஒரே மச்சத்தின் இரு பாதிகள் என்று இணையான தரவுக்கு மேற்சொன்ன சோதனைகள் பொருந்தாது. அதற்கு 1939இல் பிட்மனும் மார்கனும் தந்த எளிய வழி இருக்கிறது. ஒவ்வோர் இணைக்கும் கூட்டுத்தொகை, வித்தியாசம் இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் ஒட்டுறவு உண்டா என்று பாருங்கள். ஒட்டுறவு இருந்தால் வேரியன்ஸ்கள் சமமில்லை.

படி 8: சராசரிகளை ஒப்பிடுவது

வேரியன்ஸ் சோதனையில் தேறினால் இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சாதாரண டி சோதனை, தேறாவிட்டால் வேரியன்ஸ்கள் சமம் என்று கருதாத வெல்ச் சோதனை என்று சில பாடங்கள் சொல்லும். அது வேண்டாம். சிறிய மாதிரியில் வேரியன்ஸ் சோதனைக்கு வலு குறைவு; சமம் என்று அது சொன்னால் அதற்குப் பொருள் தெரியவில்லை என்பதுதான். முதலிலிருந்தே வெல்ச் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள எண்களுக்கு டி மதிப்பு 3.41. குழுக்கள் சம அளவு என்பதால் சாதாரணச் சோதனையிலும் இதே மதிப்புதான் வரும். ஆனால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கணக்கில் உண்மையில் எவ்வளவு தனித்த தகவல் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்) அதில் 14, வெல்ச்சில் 7.8. சிதறல் முழுக்க ஒரு குழுவிலேயே இருப்பதால், கையில் உள்ள தகவல் ஏறக்குறைய அந்த எட்டுப் பேருடையது மட்டும்தான் என்று வெல்ச் நேர்மையாக ஒத்துக்கொள்கிறது. ஆளுக்குப் பல மச்சம் அளந்திருந்தால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் மச்சத்துக்கு மச்சம் உள்ள வேறுபாட்டையும் பிரித்துக் கணக்கிடும் கலப்பு மாதிரி (mixed model) வேண்டும். அது தெரியாவிட்டால் ஆளுக்கு ஒரு சராசரி எடுத்துக்கொண்டு மேற்கொண்டு போகலாம், தவறில்லை.

படி 9: எண்ணிக்கைத் தரவு தனி உலகம்

மச்சம் எண்ணும்போது முதலில் நினைவுக்கு வருவது பாய்சான் பரவல். அதில் வேரியன்ஸும் சராசரியும் சமம். ஏழு பேரின் எண்ணிக்கை 3, 5, 8, 12, 15, 22, 40 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 15. விலக்க வர்க்கங்களின் கூட்டு 976, வேரியன்ஸ் 162.7. சராசரியைப் போல் ஏறக்குறைய 11 மடங்கு. 976ஐ 15ஆல் வகுத்தால் 65.1. கை-வர்க்க (chi-square) பட்டியலில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 6க்கு எல்லை 12.59. பாய்சான் இங்கே செல்லாது. பரம்பரையும் வயதும் தோலின் நிறமும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சராசரியைக் கொடுத்திருப்பதன் அடையாளம் இது. வேரியன்ஸ் சராசரியை விடப் பெரிதாக இருக்க இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் வைத்த மாதிரியை எடுங்கள். பாய்சானையே பிடித்துக்கொண்டால் பிழை எல்லை மிகச் சிறியதாக வந்து, இல்லாத விளைவு இருப்பதாகத் தெரியும்.

இந்த நீண்ட வால் இருப்பதால்தான் நல்ல ஆய்வுகள் இடைநிலை அளவைத் தருகின்றன. கனடாவின் வான்கூவரில் 1993இல் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன் கொடுத்து மூன்று ஆண்டு பார்த்தார்கள். புதிதாக வந்த மச்சங்களின் இடைநிலை அளவு சன்ஸ்கிரீன் பிரிவில் 24, மற்றதில் 28. வேறுபாடு நான்குதான். ஆனால் சூரியப் புள்ளி அதிகம் உள்ள பிள்ளைகளிடம் பலன் கூடுதலாக இருந்தது. படி 7இல் பார்த்த பாடமேதான், எல்லோரும் ஒரே மாதிரி பதில் தருவதில்லை.

படி 10: எழுதி முடிப்பது

முடிவில் பி மதிப்பை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். எத்தனை ஆள், ஆளுக்கு எத்தனை மச்சம், அளவெடுப்பின் திட்ட விலக்கம், ஒவ்வொரு குழுவின் சிதறல், வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளி எல்லாம் வேண்டும். நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: "கதிர் பட்ட எட்டு மச்சங்களின் வெளிர்மை, மூடிய எட்டு மச்சங்களை விடச் சராசரியாக 2.0 அலகு கூடுதலாகக் குறைந்தது (வெல்ச் முறையில் 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய 0.6 முதல் 3.4 வரை). மாற்றத்தின் திட்ட விலக்கம் கதிர் பட்டவற்றில் 1.61, மூடியவற்றில் 0.39, இந்த வேறுபாடு பிரவுன்-ஃபோர்சைத் சோதனையிலும் உறுதியானது. கதிர் பட்டவற்றுள் ஒரு மச்சம் கருக்கவே இல்லை." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பட்டியலில் 0.3 என்று நின்ற அந்த ஒரு மச்சத்தைத் தேடித்தான் படிக்கிற இன்னொரு ஆய்வாளர் உங்களிடம் வருவார்.